சூடிய பூவும் சொல்லாத பெயரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், கடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. கூட்டத்திற்கு ஆள் சேராத மழைநாளிலும் நான்கு பேர் அமர்ந்து கவிதை படித்த வட்டம் இது என்பதைச் சிதம்பரத்திலிருந்து அவ்வப்போது வந்து செல்லும் நான் நன்கு அறிவேன். அத்தகைய அவையில் பேச வாய்ப்பளித்தமைக்கு முதற்கண் நன்றி.

விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள் 'புறத்திணை மரபும் இக்காலமும்' என்பது. அது கடல் போன்ற பொருள். அதில் ஒரு சிறு துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இவ்விழா மலரின் இரண்டாம் பகுதியில், நம் வட்டாரத்து இல்லங்களிலிருந்து திரட்டிய பழைய நிழற்படங்களும் அவற்றைப் பார்த்து நம் கவிஞர்கள் எழுதிய கவிதைகளும் இடம்பெற உள்ளன என்றார்கள். அப்படங்களைப் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. அவற்றுள் படைவீரர் படங்கள் பல உள்ளன. சில படங்களின்கீழ் 'நேதாஜியின் படைவீரர்' என்றும், சிலவற்றின்கீழ் 'ஜெர்மன் போரில் பதக்கம் பெற்றவர்' என்றும் எழுதப்பட்டுள்ளது. இவ்வாறு எழுதுவதற்கு நமக்கு எது சான்று? படத்தில் நிற்கும் வீரனை எவ்வாறு இனம் காண்பது? இதுவே இன்றைய என் பேச்சின் பொருள். இது வரலாற்று ஆசிரியரின் வேலை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. புறத்திணை பயின்றவர்களுக்கு இது சொந்த வேலை.

பூவே சின்னம்

படைவீரனை அவன் அணிந்திருப்பதைக் கொண்டு அடையாளம் காணும் கல்வியை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்தனர். வெட்சி சூடியவன் ஆநிரை கவரச் செல்கிறான். கரந்தை சூடியவன் அதனை மீட்கச் செல்கிறான். உழிஞை சூடியவன் மதிலை முற்றுகிறான்; நொச்சி சூடியவன் அம்மதிலைக் காக்கிறான். பூவைப் பார்த்த அளவில் வீரனின் செயலும் நோக்கமும் புலப்பட்டன. இவையன்றி, எந்த வேந்தனின் படை என்பதை உணர்த்தக் குடிப்பூக்களும் இருந்தன. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. இக்காலப் படைகளில் தொப்பியில் இருக்கும் வில்லையும் தோளில் இருக்கும் எழுத்தும் செய்யும் பணியை அன்று பூக்கள் செய்தன.

ஆயினும் பூ எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருக்கிறான். கோவூர் கிழார் இருவரையும் பார்க்கிறார். எதிரே நிற்பவன் பனம்பூச் சூடியவன் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று எடுத்துரைக்கிறார். புறநானூற்றின் 45ஆம் பாடலின் பொருள் இதுவே. பகையை அறிவிப்பதற்காகச் சூடிய பூ, அங்கே உறவை அறிவிப்பதாயிற்று. சின்னத்தைப் பிழையறப் படித்த புலவரின் குரல் அது. உணர்ச்சிக்கு முன்னே பார்வை வந்திருக்கிறது. நிழற்படம் கண்டு கவிதை எழுதும் நமக்கும் அந்த வரிசையே வேண்டும் என்பது என் கருத்து.

கடலூரில் செஞ்சட்டை

ஒரே நிறம் இரு தரப்பைக் குறிக்கக்கூடும் என்பதற்கு இந்த ஊரே சான்றாகும். 1783ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கடும்போர் நிகழ்ந்தது. ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் புஸ்ஸி. அன்று ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவருள் ஜெர்மானியரும் இருந்தனர் என்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜ், ஜெர்மன் நாடுகளுள் ஒன்றான ஹனோவருக்கும் ஆட்சியாளராக இருந்தார். அந்நாட்டிலிருந்து 15ஆம், 16ஆம் எண்ணுள்ள இரு காலாட்படைப் பிரிவுகள் சென்னைக்கு அனுப்பப்பட்டன. அவை 1782இல் வந்திறங்கி, அடுத்த ஆண்டு கடலூரில் போரிட்டன. ஹனோவர் வீரரின் சட்டையும் சிவப்பு, ஆங்கிலேயரின் சட்டையும் சிவப்பு. அதிகாரிகளின் இடையில் கட்டிய கச்சையின் நிறம்தான் வேறு. ஆங்கிலேய அதிகாரி கருஞ்சிவப்புக் கச்சை கட்டினார். ஹனோவர் அதிகாரி மஞ்சள் கச்சை கட்டினார். பிரெஞ்சுக்காரர் பக்கத்திலும் ஆங்கிலேயர் பக்கத்திலும் இந்தியச் சிப்பாய்கள் நின்றனர். கோவூர் கிழார் இருந்திருப்பின் இக்களத்திலும் பாட அவருக்குப் பொருள் கிடைத்திருக்கும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தி உண்டு. கடலூர்ப் போர் நிகழ்ந்த அதே காலத்தில், வேறு சில ஹனோவர்ப் படைப்பிரிவுகள் ஐரோப்பாவில் ஜிப்ரால்டர்க் கோட்டையை ஆங்கிலேயருக்காகக் காத்து நின்றன. அந்தப் பெருமையின் நினைவாக, அவற்றின் வழிவந்த ஜெர்மன் பிரிவுகள் பிற்காலத்தில் 'ஜிப்ரால்டர்' என்ற சொல் பொறித்த பட்டையைச் சட்டைக்கையில் அணிந்தன. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அப்பிரிவுகள் ஆங்கிலேயரை எதிர்த்தே போரிட்டன. ஆங்கில மன்னனுக்காகப் பெற்ற பெருமையைக் கையில் அணிந்துகொண்டு ஆங்கிலேயரைச் சுட்ட வீரர்களின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. சட்டைக்கையை மட்டும் பார்ப்பவர் இவர்களை எந்த நாட்டார் என்பார்? ஒரு சின்னத்தைத் தனியே எடுத்துப் பொருள் கொள்ளலாகாது. ஏனைய சின்னங்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். செய்யுளில் ஒரு சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம் அல்லவா? அதே நெறிதான் இது.

படத்தைப் படிக்கும் முறை

இனி, படத்தை எவ்வாறு படிப்பது என்று பார்ப்போம். உருவத்தை நோக்கும் முன், படத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். அட்டையில் அழுத்திய ஸ்டூடியோவின் பெயர், ஊர், தாளின் முத்திரை, பென்சிற் குறிப்பு ஆகியவை முகத்தைவிட அதிகம் பேசும். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ எடுத்த படம் என்றால் ஒரு வரலாறு; பெங்களூரில் எடுத்தது என்றால் வேறு வரலாறு. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'ஆக்ஃபா' என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் பின்புறத்தில் இருப்பதால் அப்படம் ஜெர்மனியில் எடுத்ததாகிவிடாது. அந்நிறுவனத்தின் தாள் உலகெங்கும் விற்பனையாயிற்று.

அடுத்து, படம் வலமிடம் மாறியுள்ளதா என்று நோக்க வேண்டும். நெகடிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடது வலதாகிவிடும். ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணி மேலாக வந்து வலப்பக்கத்தை மூடும். பதக்கங்கள் இடமார்பில் இருக்கும். இவை இரண்டும் மாறியிருப்பின் மாறியது படமே. எழுத்துத் தெரியுமாயின் ஐயமே இல்லை.

மூன்றாவது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏது என்று கேட்கலாம். நிறம் மறையவில்லை, வேடமிட்டிருக்கிறது. பழைய காலத்துப் படத்தகடுகளும் சுருள்களும் செந்நிற ஒளியை உணரமாட்டா. அதனால் சிவப்பு கருமையாகும், மஞ்சள் மங்கும், நீலம் வெளுக்கும். நம் பாட்டிமார் நெற்றியில் இட்ட குங்குமம் அக்காலப் படங்களில் கரும்பொட்டாகத் தெரிவதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். பதக்க நாடாவின் கோடுகளைப் படிக்கையில் இது நினைவில் இருக்க வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் படத்தின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டும் வழக்கமும் இருந்தது. தீட்டியவர் விரும்பிய நிறத்தைத் தீட்டியிருக்கக்கூடும். அதைச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

இவற்றை முடித்த பின்னரே தொப்பி, கழுத்துப்பட்டை, தோள், மார்பு, சட்டைக்கை என்ற வரிசையில் உருவத்தைப் படிக்க வேண்டும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று இரு முறைகளை நாம் அறிவோம். படைவீரனுக்குக் கேசாதிபாதமே உகந்தது!

ஜெர்மன் சின்னங்கள்

நம் வட்டாரத்துப் படக்கட்டுகளில் ஜெர்மன் சின்னங்கள் வருவதற்குக் காரணம் உண்டு. இரு உலகப் போர்களிலும் தமிழ் வீரர்கள் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டனர். போர்க்களத்தில் கிடைத்த பொருள்களையும் படங்களையும் சிலர் ஊருக்குக் கொண்டுவந்தனர். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய இந்தியப் படையின் படங்களும் நூல்கள் வழியாகப் பரவின. ஆகவே சிலவற்றையேனும் நாம் அறிந்திருத்தல் நன்று.

ஜெர்மன் பதக்கங்களுள் பெரிதும் அறியப்பட்டது இரும்புச் சிலுவை. 1813இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் நெப்போலியனை எதிர்த்த போரின்போது இதனை ஏற்படுத்தினார். பின்னர் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த போர்களுக்காக அது மீண்டும் வழங்கப்பட்டது. அந்தந்த ஆண்டு சிலுவையின் கீழ்க்கரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் வகுப்புச் சிலுவையை நாடா இன்றி இடமார்பில் குத்திக்கொள்வர். இரண்டாம் வகுப்புக்குச் சிலுவையை நாள்தோறும் அணிவதில்லை. அதன் நாடாவை மட்டும், நம் தையற்காரர்கள் காஜா என்று சொல்லும் பொத்தான் துளையில், மேலிருந்து இரண்டாவதில் செருகி மடித்துத் தைத்துக்கொள்வர். 1914ஆம் ஆண்டு நாடாவின் நடுப்பகுதி கறுப்பு. 1939ஆம் ஆண்டு நாடாவின் நடுப்பகுதி சிவப்பு. ஆனால் சிவப்பு கருமையாகிவிடும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அந்நிலையில் நாடாவை விட்டுவிட்டு வேறு சின்னத்தைத் தேட வேண்டும்.

அந்த வேறு சின்னம் கழுகு. ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மன் தரைப்படையினர் வலமார்புப் பையின் மேலே, ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றிய கழுகினை அணிந்தனர். எஸ்.எஸ். எனப்படும் கட்சிப் படையினருக்கு அக்கழுகு இட மேற்கையில் இருக்கும். கழுகு உண்டெனில் படம் அந்த ஆட்சிக்காலத்தது. ஈண்டு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்கழுகின் காலில் இருப்பது நம் வீட்டு வாயிலில் இடும் மங்கலக் கோலம் அன்று. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்த ஆட்சியின் முத்திரை அது. ஆங்கிலேயருக்குப் பகைவன் என்ற ஒரே காரணத்தால் அந்த ஆட்சியை வீரத்தின் வடிவாகப் பாடும் கவிதைகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. சின்னத்தின் பொருளை அறிந்த பின் அவ்வாறு பாட மனம் வராது. போருக்குப் பின், 1957இல் மேற்கு ஜெர்மனியில் இயற்றிய சட்டம், பழைய பதக்கங்களை ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டுமே அணிய இசைவளித்தது. அந்நாட்டாரே விலக்கிய குறியை நாம் ஏன் ஏற்றிப் போற்ற வேண்டும்?

போஸின் இரு படைகள்

'நேதாஜியின் படை' என்று நாம் பொதுவாகச் சொல்வது இரு வேறு படைகளை உள்ளடக்கியது. 1941இல் ஜெர்மனி சென்ற போஸ், வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் சிறைப்பட்ட இந்திய வீரர்களிலிருந்து ஒரு படையைத் திரட்டினார். அது மூவாயிரம் பேர் அளவிலான படை. ஜெர்மன் படையில் 950ஆம் எண்ணுள்ள பிரிவாக அமைந்தது. அவ்வீரர்கள் ஜெர்மன் சீருடையே அணிந்தனர். மேற்கையில் மட்டும் காவி, வெண்மை, பச்சை ஆகிய மூவண்ணத்தின்மேல் பாயும் புலி வரைந்து, 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில் எழுதிய கேடயச் சின்னம் இருந்தது. ஜெர்மன் சீருடையில் தலைப்பாகை அணிந்த சீக்கிய வீரர்களின் படங்கள் இப்படையைச் சேர்ந்தவை. 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே சென்றுவிட்டார். 1944 ஆகஸ்டில் இப்படை எஸ்.எஸ். அமைப்பின்கீழ் மாற்றப்பட்டது. இந்த முடிவையும் மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.

மற்றொன்று, சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பர்மாவிலும் இயங்கிய இந்திய தேசிய ராணுவம். தமிழர் பெருமளவில் சேர்ந்த படை இதுவே. தோட்டத் தொழிலாளரும் அவர்தம் மக்களும் திரண்டனர். 1943இல் அமைந்த ஜான்சி ராணி படைப்பிரிவில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அதன் தலைவி சென்னையைச் சேர்ந்த கேப்டன் லட்சுமி. இப்படையின் சீருடை பெரும்பாலும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற காக்கியே. ஆகவே காக்கியை மட்டும் வைத்து இவரை இந்திய தேசிய ராணுவ வீரர் என்றோ, ஆங்கிலேயரின் இந்தியப் படைவீரர் என்றோ முடிவு செய்ய இயலாது. இங்கும் இரு தரப்பினருக்கும் ஒரே ஆத்தி! தொப்பி வில்லை, தோள் சின்னம், ஸ்டூடியோவின் ஊர் ஆகியவையே வேறுபாட்டைக் காட்டும்.

இன்னொரு கதையையும் ஈண்டு நினைக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பல், நம் மொழிக்கே ஒரு சொல்லைத் தந்தது. துணிவும் சூழ்ச்சியும் உடையவனை 'எம்டன்' என்கிறோம். அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். எம்டன், சீனக் கடற்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து போர் மூளும் தறுவாயில் புறப்பட்ட கப்பல். செண்பகராமனோ அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துப் பணியாற்றிவிட்டு, பின் பெர்லின் சென்றவர். சூரிச்சில் இருந்தவர் சிங்தாவில் கப்பல் ஏறியது எங்ஙனம்? அவர் பெருமைக்கு அவர் செய்த உண்மைப் பணியே போதும். 1934இல் பெர்லினிலேயே உயிர் நீத்த அவருக்குக் கற்பனைக் கப்பல் ஒன்று தேவையில்லை.

ஓர் உறையில் இரு படங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், சிதம்பரத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர், தம் தாத்தாவைப் பற்றி எழுதிய கவிதையைக் காட்டினார். தாத்தா நேதாஜியின் படையில் ஜெர்மனியில் பணியாற்றியவர் என்பது கவிதையின் பொருள். சான்றாக ஒரு பழைய உறையைக் கொண்டுவந்தார். அதில் இரு படங்கள். ஒன்று, காக்கிச் சட்டையில் தாத்தா. மற்றொன்று, உள்ளங்கையளவே ஆன சிறு படம்; அதில் இளம் ஜெர்மன் வீரன் ஒருவன். 'இவர்தாம் தாத்தாவின் மேலதிகாரி என்று வீட்டில் சொல்வார்கள், அம்மா' என்றார்.

உருப்பெருக்காடி கொண்டு இருவரும் பார்த்தோம். தாத்தாவின் மார்பில் இரு நாடாக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஐந்து சம அளவுக் கோடுகள் உடையது: கருமை, வெண்மை, கருமை, வெண்மை, கருமை. சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என அமைந்த இத்தாலி விண்மீன் பதக்கத்தின் நாடா அது. அந்தப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது 1945 மே மாதத்தில். எனவே, போர் முடிந்த பின்னரும் அவர் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலேயே இருந்து அந்நாடாவை அணிந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். மேற்கையில் கரிய சதுரம் ஒன்று தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அதனுள் ஒரு பறவை வடிவம் புலப்பட்டது. கறுப்பின்மேல் செங்கழுகு, சிவப்பும் கறுப்பும் படத்தில் ஒன்றாகிவிட்டன. நான்காம் இந்திய டிவிஷனின் சின்னம் அது. வட ஆப்பிரிக்காவிலும், 1944இல் இத்தாலியின் கசீனோ மலையிலும் ஜெர்மானியரோடு பொருத படை அது. அதில் 'தம்பிகள்' என்று பெயர் பெற்ற மதராஸ் சேப்பர்ஸ் வீரர்களும் இருந்தனர்.

சிறு படத்து ஜெர்மன் இளைஞனுக்கு வலமார்பில் கழுகு. இரண்டாம் பொத்தான் துளையில் நாடா. தோள்பட்டையில் அதிகாரிக்குரிய பின்னல் இல்லை. அவன் மேலதிகாரியே அல்லன். பின்புறத்தில் பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஒரு வரி. 1941 வரை அந்நாட்டுப் பள்ளிகளில் கற்பித்த அவ்வெழுத்து, ஆங்கிலம் அறிந்தவர்க்கும் படிக்க வாராது. ஜெர்மன் அறிந்த நண்பர் ஒருவர் படித்துச் சொன்னார்: 'நினைவாக, 1943.' பெயர் இல்லை.

மாணவியின் முகம் வாடிற்று. 'அப்படியென்றால் தாத்தா வெள்ளைக்காரனுக்குத்தான் சண்டை போட்டாரா, அம்மா?' என்றார். அக்கேள்வியின் வலி எனக்கு விளங்கியது. விடுதலைப் போராட்ட வீரரின் பேத்தி என்ற பெருமையில் வளர்ந்தவருக்குக் கூலிக்குப் போரிட்டவரின் பேத்தி என்று சொல்லிக்கொள்ள மனம் கூசியது. பஞ்சமும் கடனும் துரத்தப் படையில் சேர்ந்தவரை இழிவாக எண்ண வேண்டியதில்லை என்று சொன்னேன். அச்சொல் அவருக்கு ஆறுதலாகவில்லை. நெடுநேரம் இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'எதிரியின் படத்தைத் தாத்தா ஏன் சாகிற வரைக்கும் வைத்திருந்தார்?' என்று கேட்டார்.

அன்பர்களே, கவிதை தொடங்கும் இடம் அதுவன்றோ! அந்த இளைஞன் கைதியாகி, தானே கொடுத்த படமா? இறந்துகிடந்தவனின் சட்டைப்பையிலிருந்து எடுத்ததா? படம் அதைச் சொல்லாது, சின்னங்களும் சொல்லமாட்டா. சொல்லும் என்று நாம் பாவனை செய்யவும் கூடாது. ஆனால் 'மேலதிகாரி' என்ற பொய் விலகிய பின்தான் இந்தக் கேள்வி எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பொய்யான பெருமை, உண்மையான வியப்பை மறைத்துக்கொண்டிருந்தது. மாணவி பழைய கவிதையைக் கிழிக்கவில்லை. தனியே எடுத்து வைத்துவிட்டார். புதிய கவிதையை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அண்மையில் சொன்னார். அவசரம் இல்லை.

விளிம்பில் உள்ள பெயர்

சின்னம் அரசனைச் சொல்லும், படையைச் சொல்லும், போர்க்களத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்வது பெயர் ஒன்றே. அதனால்தான் நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுத்து, அதில் அவன் பெயரையும் பீடையும் எழுதினர். நடுகல் எடுக்கும் முறைகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள் என்று தொடங்கி அடைவுற வகுக்கிறது. முதலாவது காட்சி, தக்க கல்லைத் தேர்ந்து காணல். கண்ட பின்னரே பிற அனைத்தும்.

முதல் உலகப் போரில் ஆங்கிலப் பேரரசு வழங்கிய போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பதக்கத்தின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். நேரே எடுத்த படத்தில் போர்ப் பதக்கத்திலுள்ள மன்னரின் தலை தெரியும். பெற்றவரின் பெயர் தெரியாது. பதக்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். நம் வட்டாரத்து வீடுகளில் அரிசிப் பானையிலோ பழைய பெட்டியிலோ அத்தகைய பதக்கம் கிடக்குமாயின், வெள்ளி விலைக்குப் போடும் முன் அதன் விளிம்பைப் படியுங்கள்.

பெயர் நின்ற ஒருவரைச் சொல்கிறேன். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து இறந்தவர், மதராஸ் சேப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் என்ற தமிழர். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அவர் எந்த அரசனுக்காகப் போரிட்டார் என்பதைச் சீருடை சொல்லும். அந்தக் கணத்தில் யாருக்காக உயிர் கொடுத்தார் என்பதை அவர் செயலே சொல்லும். அவர் பெயரை நாம் எத்தனை கவியரங்கில் கேட்டிருக்கிறோம்?

வேண்டுகோள்

நிறைவாக, மலர்க் குழுவினருக்கும் கவிஞர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, படத்தின்கீழ் எழுதும் குறிப்பில் கண்ணால் கண்டதை ஒரு வரியிலும், குடும்பத்தார் சொன்னதை அடுத்த வரியிலும் பிரித்து எழுதுங்கள். 'காக்கிச் சீருடை, இடமார்பில் இரு நாடாக்கள். நேதாஜி படையினர் என்பது குடும்பத்தார் கூற்று' என்று எழுதினால் எவர்க்கும் இழிவில்லை. பின்னால் வருபவர் ஆராய வழியுண்டு. வேறு சான்று இல்லாத நிலையில் கூற்றையே முடிவாக எழுதிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறாகிவிடும். உண்மையில் அப்படையில் நின்று, எந்தப் படமும் எடுத்துக்கொள்ளாமல் மறைந்த தோட்டத் தொழிலாளிக்கு நாம் இழைக்கும் தீங்கும் ஆகும் அது.

இரண்டு, கவிதையில் கற்பனைக்குத் தடை இல்லை. ஆயின் கற்பனை சின்னத்தை மாற்றக் கூடாது. ஆத்தியை வேம்பு என்று கோவூர் கிழார் பாடியிருப்பின், அப்பாட்டு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று, இவ்விழா மலரின் முகப்பில் நம் வட்டத்து உறுப்பினர் அனைவரும் நிற்கும் குழுப்படம் வரவிருக்கிறது. நாம் படைவீரர் அல்லேம். நம் மார்பில் நாடா இல்லை, தோளில் எழுத்து இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து இம்மலரைப் பழைய புத்தகக் கடையில் எடுப்பவருக்கு நம்மை இனம் காண ஒரு பூக்கூட இராது. ஆகவே நிற்பவர், அமர்ந்திருப்பவர் என்று இடமிருந்து வலமாக எல்லாப் பெயர்களையும் அச்சிடுங்கள். கூட்டத்திற்கு நாற்காலி போட்டவர் பெயரும், தேநீர் கொண்டுவந்தவர் பெயரும் அதில் இருக்கட்டும்.